கடைசி மூட்டைக்கு அப்புறம்

எங்கள் லைன் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் மினுக்கியின் பல்லை எண்ணியிருக்கிறார்கள். போஸ்ட்மேன் எண்ணியிருக்கிறார். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் எண்ணியிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரைக்கூட நான் விடவில்லை. "ஐயா, வாயைத் தொறந்து நாப்பத்திரெண்டு இருக்கான்னு மட்டும் பாத்துட்டுப் போங்க, இந்த வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான்" என்றேன். அவர் முப்பதுவரை எண்ணிவிட்டு, மிச்சமும் இருக்கும் என்று நம்பிக்கை தெரிவித்துவிட்டுப் போனார்.

நாய்க் கண்காட்சியில் நடுவர் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். முன்பின் தெரியாத கை வாய்க்குள் போகும்போது நாய் உறுமக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. அதற்குத்தான் ஊரையே கூப்பிட்டு எண்ண விட்டது.

நான் மூட்டை தூக்குகிறவன். பெயர் தவசிமுத்து. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளத்தை ஒட்டின ஒரு கம்பெனியில் லாரிக்கு உப்பு ஏற்றுவது வேலை. என் அப்பா இதையே வெறும் முதுகில் செய்தார். எனக்கு முதுகுச்சட்டம் உண்டு. தோளிலிருந்து தொடைவரை கட்டிக்கொள்கிற இரும்பும் மோட்டாரும். பாரத்தில் முக்கால்வாசியை அது வாங்கிக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளத்தான் செய்தது. மறுவாரமே ஒரு மூட்டை தூக்கினவன் மூன்று மூட்டை தூக்க வேண்டும் என்றார்கள். பாரம் குறையவில்லை, மூட்டைதான் கூடியது. அந்தச் சட்டத்துக்கு நாங்கள் 'மச்சினன்' என்று பெயர் வைத்திருக்கிறோம். கூடவே வருவான், ஒத்தாசை செய்கிற மாதிரியே இருக்கும், கடைசியில் வேலை நம் தலையில்தான் விடியும்.

நாய் என் சொந்தப் பைத்தியம். பன்னிரண்டு வருஷமாகக் கன்னி என்கிற நாட்டு வேட்டை நாய் வளர்க்கிறேன். கறுப்பு உடம்பு, நாலு காலிலும் மாரிலும் பழுப்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே ஆளுக்கொரு பழுப்புப் பொட்டு. கத்தி மாதிரி முகம், ஒட்டின வயிறு, சாட்டை மாதிரி வால். மினுக்கி என் கையில் பிறந்த நாலாவது தலைமுறை. அவள் தாயைப் போன வருஷம் பாம்பு கடித்துவிட்டது. அதனால் அந்த வரிசையில் மிச்சம் இவள் ஒருத்திதான்.

காலை ஐந்தரைக்கு உப்புப் பாத்திக் கரையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். கரை சொரசொரப்பாக இருப்பதால் நகம் தானாகவே தேய்ந்துவிடும், வெட்ட வேண்டியதில்லை. வந்ததும் உண்ணி பார்ப்பேன். காதுக்குள், கால் விரலிடுக்கில், வாலடியில். பிறகு கம்பங்கூழும் அவித்த மீன் தலையும். அதன்பின் சாக்கை விரித்து அதன்மேல் நிறுத்திப் பழக்குவது. மூட்டை கைமாறும்போது நாங்கள் 'வாங்கிக்கோ' என்று குரல் கொடுப்போம். குரல் கேட்டதும் வாங்குகிறவன் காலை ஊன்றி, முதுகை நிமிர்த்தி நிற்பான். எனக்குத் தெரிந்த நிற்கிற வித்தை அது ஒன்றுதான். அதையே மினுக்கிக்குச் சொல்லிக் கொடுத்தேன். 'வாங்கிக்கோ' என்றால் நாலு காலையும் ஊன்றி, கழுத்தைத் தூக்கி, சிலை மாதிரி நிற்பாள்.

பிறகு ஏழு மணிக்கு நான் வேலைக்குப் போவேன். கம்பெனியின் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. வேலியோரம் படுத்துக்கொண்டு மினுக்கி நாள் முழுக்க நான் மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதுதான் டிவி.

*

நாய் வளர்ப்புக்கு அரசாங்கம் போட்ட சட்டம் நல்ல சட்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் நாய்க்குட்டி வியாபாரம் நடந்த லட்சணத்தை நான் பார்த்திருக்கிறேன். கூண்டுக்குள்ளேயே பிறந்து, கூண்டுக்குள்ளேயே ஏழெட்டு முறை ஈன்று, கூண்டுக்குள்ளேயே செத்த தாய் நாய்கள். எசமான் கிட்டே வந்தால் மூத்திரம் பெய்கிற கோப்பை வாங்கின நாய்கள். அந்த நேரத்தில்தான் யாரோ ஒரு விஞ்ஞானி மனப்பட்டையைக் கண்டுபிடித்தார். கழுத்தில் கட்டினால் நாயின் சந்தோஷத்தை நூற்றுக்கு இத்தனை என்று எண்ணில் காட்டும். உடனே சட்டம் வந்தது. கண்காட்சியில் நடுவர் முன்னால், வளர்க்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது பட்டை அறுபதுக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நின்றால் குட்டி போட அனுமதிச் சான்றிதழ். இரண்டு வயசுக்குள் அந்தச் சான்றிதழ் வாங்காத நாய்க்குக் கருத்தடை.

தன்னைக் கண்டு நடுங்குகிற பிராணியை வைத்து எவனும் பிழைக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் பட்டை நாயோடு நிற்கவில்லை. ஊருக்குள் பிழைப்பு மாறிப்போயிற்று. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பட்டை கட்டின நாயோடு வந்து, பையன் தடவிக் கொடுத்தால் எத்தனை காட்டுகிறது என்று பார்த்தார்கள். விளாத்திகுளம் பக்கம் ஒரு வட்டச் செயலாளர் தன் நாயை மேடையேற்றப் போய், மைக் முன்னால் அது பன்னிரண்டு காட்டி, அவருக்கு அடுத்த தேர்தலில் சீட்டே கிடைக்கவில்லை. வீட்டு நாய் தன்னைவிடப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அதிகம் காட்டுகிறது என்று பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு.

குணசீலன் அண்ணாச்சிக்கு விழுந்த அடி வேறு மாதிரி. அவர் எங்கள் நாய் வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர். பன்னிரண்டு கன்னி, குளிர்சாதனக் கொட்டகை, சுவர் நிறையக் கோப்பை. முதன்முதலாக நாய்களுக்குப் பட்டை கட்டிவிட்டு அவர் கொட்டகைக்குள் போனபோது பன்னிரண்டும் ஐம்பதைத் தாண்டவில்லை. சோறு வைக்கிற லூர்து அண்ணன் வாளியோடு உள்ளே வந்தார், வயசு அறுபது, நொண்டிக்கொண்டுதான் நடப்பார். பன்னிரண்டும் எண்பதுக்கு மேல். மறுவாரம் அண்ணாச்சி தன் பெயரில் இருந்த வளர்ப்பு உரிமத்தை லூர்து பெயருக்கு மாற்றி எழுதிவிட்டு, கண்காட்சிக்கு அவருக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்.

"பதினெட்டு வருசம் வேய்" என்றார் என்னிடம். "நான் வளத்தேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். வளத்தது அவன். நான் பாத்துட்டு இருந்திருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பழக இரண்டு வருஷம் ஆயிற்று என்பது எனக்குத் தெரியும்.

*

பழக்கிக்கொள்ளச் சங்கத்தில் நாற்பது நாளைக்கு ஒரு பட்டை இரவல் தருவார்கள். மினுக்கிக்கு இரண்டு வயசு முடிய ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. அதற்குள் வருவது கோவில்பட்டிக் கண்காட்சி ஒன்றே. அதை விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்தது. அதாவது அதை விட்டால் மினுக்கியோடு வரிசை முடிந்தது.

முதல் நாளே கவலை போய்விட்டது. காலையில் எழுபது. பகல் முழுக்க வேலியோரம் ஐம்பத்தைந்து, அறுபது. சாயங்காலம் கடைசி லாரி நிறைய நாலு இருபது ஆகும். நாலு இருபதுக்குத் தொண்ணூற்றாறு! தொண்ணூறைத் தாண்டினால் பட்டை 'கூ' என்று ஒரு சத்தம் போடும். நான் வேலியைச் சுற்றி வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்வேன். என் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை காய்ந்து படிந்த உப்பை மினுக்கி ஒரு இடம் விடாமல் நக்கி எடுப்பாள்.

"பாத்தியா மாரி, தொண்ணூத்தாறு" என்றேன் என் பெண்டாட்டியிடம். "ஒலகத்துல எவனுக்கும் வராது."

மாரிக்கனி அதே கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறாள். மூன்று மணிக்கே அவளுக்கு வேலை முடிந்துவிடும். நாய் விஷயத்தில் அவள் எனக்கு எதிர்க்கட்சி. மீன் தலை வாங்கி வருவதும் அவித்துப் போடுவதும் அவள்தான், ஆனால் எதிர்க்கட்சி.

"ஆமா, பெருமை. அது உங்க கால நக்கலை, உப்ப நக்குது. உப்பு மூட்டைய அந்த எடத்துல வச்சாலும் தொண்ணூத்தாறு காட்டும்."

"ஒனக்குப் பொறாமை."

"பொறாமைப்பட ஆளப் பாரு. இந்தக் காலுக்கா?"

நடுவில் மூன்று நாள் ஒரு தடங்கல். கரையில் ஓடும்போது சீமைக்கருவேல முள் மினுக்கியின் காலில் ஏறி, சீழ் வைத்துவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரியில் பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு அவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வீட்டு ஆணியில் பட்டையும், வேலியோரத்தில் வெறும் சாக்கும். மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் நொண்டாமல் வந்தாள். மறுபடி நாலு இருபதுக்குத் தொண்ணூற்றாறு.

*

கண்காட்சிக்கு முந்தின நாள் விடுப்பு எடுத்தேன். மாரிக்கனி மினுக்கியைக் குளிப்பாட்டினாள், பிறகு என்னையும் விடவில்லை. பீர்க்கங்கூட்டால் தேய்த்த தேய்ப்பில் பத்து வருஷத்து உப்பு போயிருக்கும். சந்தன சோப்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மேலே சென்ட் வேறு. நான் தலையில் கட்டுகிற நீலத் துண்டை எடுக்கப் போனேன். கையில் அடித்தாள்.

"அங்கயும் லோடுமேன் மாதிரிதான் நிக்கணுமா? நாலு பெரிய மனுசங்க வருவாவ."

கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பந்தல், கயிறு கட்டின களம், நடுவில் பச்சை விரிப்பு, பக்கத்தில் பட்டையின் எண்ணைக் காட்டுகிற பெரிய பலகை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நூற்றிருபது நாய்கள். எங்கே பார்த்தாலும் வால். குணசீலன் அண்ணாச்சி தண்ணீர் பாட்டிலோடு நின்றார். லூர்து அண்ணன் கோட்டுப் போட்டிருந்தார்.

"என்னவே தவசி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி மணக்கீரு" என்றார் அண்ணாச்சி.

நடுவர் ரெஜினா டாக்டர், நாகர்கோவில்காரர். மினுக்கியின் தோளுயரம் அளந்தார், மார்பைத் தடவினார், வாயைத் திறந்தார். மினுக்கி கொட்டாவி விடுவதுபோல வாயைக் காட்டிக்கொண்டு நின்றாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது பல் டாக்டர் வீட்டு நாயா?"

"ஊரே எண்ணின பல்லு மேடம்."

உடம்பு பரிசோதனையில் தேறிவிட்டாள். அடுத்தது பட்டை. நான் பச்சை விரிப்பில் நின்று "வாங்கிக்கோ" என்றேன். மினுக்கி நாலு காலையும் ஊன்றி நின்றாள். அழகாகத்தான் நின்றாள். பிறகு என் கையை மோந்தாள். முழங்காலை மோந்தாள். காதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, என்னைத் தாண்டி, கூட்டத்துக்குள் யாரையோ தேட ஆரம்பித்தாள்.

பலகையில் ஐம்பத்திரண்டு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்று. அங்கேயே நின்றது.

"தவசிமுத்து" என்றார் டாக்டர், மெதுவாக. "நாய்க்கு உங்களைத் தெரியலையா?"

கயிற்றுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. முப்பது வருஷம் மூட்டை தூக்குகிறேன், பலகை முறிந்து லாரிக்கடியில் விழுந்திருக்கிறேன், அப்போதுகூட யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது வாய்ப்பு உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள். அதுதான் கடைசி.

*

புங்கை மரத்தடியில் மாரிக்கனி மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன். "அதுக்கு உப்புதான் வேணும். நான் இல்ல."

அவள் உடனே ஜெயித்த முகம் காட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிறகு மாங்காய்க்குக் கொண்டுவந்த உப்புப் பொட்டலத்தை எடுத்தாள்.

"கால நீட்டுங்க. தேச்சு விடுதேன். உப்புக்கு உப்பு, நாய்க்கு நாய்."

ஆசைதான். ஆனால் மறைத்துச் செய்ய மனசு வரவில்லை. டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நேராகவே கேட்டேன்.

"முடியாதுங்க" என்றார். "உடம்புல தின்கிற பொருள் எதுவும் தடவக் கூடாது. போன மாசம் ஒருத்தர் சட்டைக்குள்ள ஈரல் கட்டிட்டு வந்தார். வேலை செஞ்சு வர்ற வேர்வையை நான் துடைக்கச் சொல்ல மாட்டேன். பொட்டலத்துல இருந்து எடுத்துத் தடவினா அதுக்குப் பேர் லஞ்சம்."

பின்னாலேயே வந்திருந்த மாரிக்கனி குறுக்கே புகுந்தாள். "இந்தப் பட்டை பொய் சொல்லுமா மேடம்?"

"சொல்லாது. ரத்தத்துல ஓடுற ஒரு சுரப்பை அளக்குது, அவ்வளவுதான். எவ்வளவு சந்தோஷம்னு சொல்லும். எதனாலன்னு சொல்லாது. அதை நாமதான் கண்டுபிடிக்கணும்."

"மனுசனுக்குக் கட்டினா?"

டாக்டர் டீயை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "காட்டும். ஆனா கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துல எல்லாம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க, அதனால தடை. ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாத்தான்" என்றாள் மாரிக்கனி. போய் மிச்ச மாங்காயை நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரே ஹாரன். நாய்த்தீவனம் ஏற்றி வந்த லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இறக்க வேண்டிய ஆட்கள் வரவில்லை. சங்கத்துக்காரர்கள் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஆளுக்கு ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. வேர்வையைப் பற்றி நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருஷம் வளர்த்தது இன்னும் முக்கால் மணியில் முடியப் போகிறது. சும்மா உட்கார்ந்தால் அழுதுவிடுவேன்.

சட்டையைக் கழற்றினேன். "தலைக்குக் கட்ட ஏதாவது குடு."

மாரிக்கனி வயர்கூடைக்குள் கையை விட்டு, மினுக்கியின் சோற்றுச் சட்டியைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். என் நீலத் துண்டு.

"வேண்டாம்னியே?"

"சட்டி ஒடையாம இருக்கணும்லா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நாற்பது மூட்டை. மச்சினன் இல்லை, வெறும் முதுகு. லாரி மேலே டிரைவர் நின்று தள்ளிவிட, நான் வாங்கி வாங்கிப் பந்தலுக்குள் அடுக்கினேன். "வாங்கிக்கோ" என்று டிரைவர் தானாகவே குரல் கொடுத்தார். அவரும் ஒரு காலத்தில் தூக்கினவராம். நாலாவது மூட்டைக்கெல்லாம் உடம்பு தன் கணக்குக்கு வந்துவிட்டது. வெயில் முதுகில் ஏறியது. மரத்தடியில் மாரிக்கனி கயிற்றைப் பிடித்திருக்க, மினுக்கி முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியோரத்தில் பார்க்கிற அதே பார்வை.

நாற்பதாவது மூட்டையை அடுக்கின் மேல் வைத்தேன். தலைத் துண்டை அவிழ்த்து, வலது தொடையில் படுகிற மாதிரி ஒரு உதறு உதறினேன். சட்!

'கூ' என்றது பட்டை.

மரத்தடியில் மினுக்கி நாலு காலில் எழுந்து நின்றிருந்தாள். வால் சாட்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாரிக்கனி ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் ஓடி வந்து குனிந்து பார்த்தார்.

"தொண்ணூத்தேழு!"

நான் நாற்பது அடிக்கு அப்பால் நின்றேன்.

"தவசிமுத்து, அங்கேயே நில்லுங்க" என்று கத்தினார் டாக்டர். "இப்ப என்ன பண்ணீங்க?"

"மூட்டை எறக்கினேன்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் என்ன... துண்டை ஒதறினேன்."

"தினமும் உதறுவீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கடைசி மூட்டை போனதும் துண்டை அவிழ்த்து உதறாத லோடுமேன் உண்டா? என் அப்பா உதறினார். என் கூட்டாளிகள் அத்தனை பேரும் உதறுவார்கள். அதை ஒரு காரியம் என்று யாரும் நினைத்ததில்லை. இன்றைக்கு இவ்வளவுதான், இனி என் உடம்பு என்னுடையது என்பதற்கு அடையாளம் அந்த உதறல்.

"உப்பு நாற்பது அடி பறந்து வராதுங்க" என்றார் டாக்டர். "அது உப்புக்காகக் காத்திருக்கலை. உங்களுக்கு வேலை முடியறதுக்காகக் காத்திருக்கு. காலையில அந்தக் களத்துல அது உங்களைத்தான் தேடியிருக்கு. சென்ட் போட்ட யாரோ ஒருத்தர் பக்கத்துல நின்னுட்டு இருந்தா அது பாவம் என்ன செய்யும்?"

முகத்தில் வழிந்ததை எல்லாம் வேர்வை என்றே வைத்துக்கொண்டு துடைத்தேன்.

"மேடம், களத்துக்குள்ள துண்டு ஒதறலாமா?" என்று கேட்டார் குணசீலன் அண்ணாச்சி. சங்கச் செயலாளர் இல்லையா, விதி முக்கியம்.

"உதறக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லை."

*

இரண்டாம் முறை சட்டை போடவில்லை. பனியனும் வேட்டியும் தலையில் நீலத் துண்டும். "வாங்கிக்கோ" என்றேன். மினுக்கி நின்றாள். பலகையில் அறுபத்து மூன்று. துண்டை அவிழ்த்தேன். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. உதறினேன்.

தொண்ணூற்றாறு.

ஒரு நிமிஷம் நிற்க வேண்டுமே. பத்தாவது நொடியில் எண்பது, எழுபத்தைந்து, எழுபது என்று இறங்க ஆரம்பித்தது. மினுக்கி என் முகத்தைப் பார்த்தாள். உதறியாயிற்று, ஏன் இன்னும் மரம் மாதிரி நிற்கிறாய் என்று கேட்கிற பார்வை.

"ஒக்காருங்க!" கயிற்றுக்கு வெளியிலிருந்து மாரிக்கனியின் குரல். "வீட்டுல நின்னுக்கிட்டா இருப்பீய? ஒக்காருங்க!"

கண்காட்சிக் களத்தில் நாயைப் பிடிக்கிறவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தேன். பச்சை விரிப்பின் நடுவில், பெரிய மனுஷர்கள் முன்னால், இரண்டு காலையும் நீட்டி. மினுக்கி வந்தாள். முழங்காலில் ஆரம்பித்து ஒரு இடம் விடாமல் நக்கினாள். பிறகு முகவாயை என் கணுக்காலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. இந்த முறை காது சுடவில்லை. பலகையைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. மணி அடிக்கிறவரைக்கும் அது இறங்கவே இல்லை.

சான்றிதழ் கிடைத்தது. கன்னிப் பிரிவில் மூன்றாம் பரிசும் கிடைத்தது. முதல் பரிசு லூர்து அண்ணனுக்கு. குணசீலன் அண்ணாச்சி விசிலடித்தார். மூன்றாம் பரிசு ஒரு எவர்சில்வர் குடம். கோப்பை வாங்கியிருந்தால் மாரிக்கனி திட்டியிருப்பாள். குடத்தைத் தட்டிப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

*

திரும்பும்போது அண்ணாச்சியின் வண்டியில் பின்னால் நாங்கள் மூன்று பேர்: நான், மினுக்கி, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மாரிக்கனி. முன்னால் இருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

"வேய் தவசி, எறங்கும்போது பட்டையக் குடுத்துரும். அதுக்கு முன்னால நாள்வாரியா உச்ச நம்பரு எத்தனைன்னு ஒரு தாள்ல எழுதும். சங்கத்துல கேப்பாவ. பொத்தானை அமுக்கிப் பிடிச்சா ஒவ்வொரு நாளா வரும்."

எழுதினேன். தொண்ணூற்றாறு, நாலு இருபது. தொண்ணூற்றைந்து, நாலு இருபத்தொன்று. தொண்ணூற்றாறு, நாலு பத்தொன்பது. எல்லாம் கடைசி மூட்டை நேரம். மடியில் தலை வைத்துத் தூங்குகிற மினுக்கியின் காதைத் தடவிக்கொண்டே எழுதிக்கொண்டு வந்தவன், பதினேழாம் நாளில் நின்றுவிட்டேன்.

பதினேழாம் நாள், தொண்ணூற்று நாலு, நாலு இருபது.

பதினெட்டு, தொண்ணூற்றைந்து, நாலு இருபத்திரண்டு.

பத்தொன்பது, தொண்ணூற்றேழு, நாலு இருபது.

அந்த மூன்று நாளும் மினுக்கி ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

தேதியை மறுபடி பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். பிறகு மாரிக்கனியைப் பார்த்தேன். அவள் குடத்துக்குள் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்திருந்தாள்.

"ஏட்டி, மினுக்கி ஆஸ்பத்திரில கெடந்தப்ப இந்தப் பட்டை எங்க இருந்துச்சு?"

"எனக்கு என்ன தெரியும். ஆணில தொங்கியிருக்கும்."

"ஆணிக்கா தொண்ணூத்தேழு?"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. குடம் 'டங்' என்றது.

"வேலை செய்யுதான்னு கையில கட்டிப் பாத்தேன்" என்றாள் கடைசியில். "எரவல் சாமான், ரிப்பேர் ஆயிட்டா யாரு பதில் சொல்லுகது?"

"மூணு நாளுமா?"

"ஆமா. மூணு நாளும்தான் பாக்கணும்."

"ஒனக்கும் உப்புதானா மாரி?"

குடத்தாலேயே என் தோளில் ஒரு இடி இடித்தாள். மினுக்கி கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

தாளில் அந்த மூன்று நாளுக்கு நேராக 'நாய் ஆஸ்பத்திரியில்' என்று மட்டும் எழுதினேன். சங்கத்துக்கு அது போதும்.

மறுநாள் சாயங்காலம் கடைசி லாரி நிறைந்தது. மச்சினனைக் கழற்றி மாட்டினேன், துண்டை அவிழ்த்து ஒரு உதறு உதறினேன். வேலியோரம் மினுக்கி துள்ளி எழுந்தாள். அவளுக்குப் பின்னால், வாசற்படியில், மாரிக்கனி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முறம் மட்டும் நின்றது.

இன்னொரு முறை உதறினேன்.

"என்னல தவசி" என்றார் லாரி மேலிருந்த கூட்டாளி. "இன்னைக்கு துண்டுல அம்புட்டுத் தூசியா?"

"இல்லண்ணே" என்றேன். "வீட்டுல ரெண்டு பேரு இருக்காவ."